கராஜ் மாமா பதில்கள்: அயர்லாந்துப் பெடியனும் ஒரு ரேடியேட்டரும்

போன இதழில் செங்கலடிப் பிள்ளை ஒருவர், "இரண்டாம் உலக யுத்தத்தில் மிகச் சின்ன வயதில் பெரிய பதவிக்கு வந்த விமானி யார்?" என்று கேட்டிருந்தார். இடம் போதாமல், "அயர்லாந்தில் பிறந்த பிரெண்டன் ஃபினூகன்; 21 வயதில் விங் கொமாண்டர், அதே வயதில் ஆளும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். டீசல் பம்ப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினதற்கு வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்திருக்கின்றன. ஆசிரியரும், "மாமா, இந்த முறை இவரை மட்டும் வைத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். சரி. மோட்டார் சைக்கிள் புகைக்குது, வேன் ஏசி குளிரவில்லை என்று எழுதினவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவர்: மாமா, ஒரு வரியில் சொல்லித் தப்பினது போதாது. யார் இவர்? 21 வயதில் எப்படி அவ்வளவு பெரிய பதவி கொடுத்தார்கள்?*

மகன், 1920 ஒக்டோபர் 16ஆம் திகதி டப்ளின் நகரத்தில் ரத்மைன்ஸ் என்ற பகுதியில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தகப்பன் அயர்லாந்துக்காரர், தாய் இங்கிலாந்துக்காரி. டப்ளினில் கிறிஸ்தவச் சகோதரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். ரக்பி, குத்துச்சண்டை என்றால் உயிர். 1936இல் குடும்பத்தோடு இலண்டனை ஒட்டியிருக்கும் ரிச்மண்டுக்குக் குடிவந்தார்கள். படிப்பு முடிந்ததும் இலண்டனில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மேசைக்கு முன்னால் குந்தியிருக்க அவருக்குப் பிடிக்கவே இல்லை. சிறுவனாக இருந்தபோது டப்ளினுக்கு வெளியே போல்டொனல் விமானத்தளத்தில் நடந்த கண்காட்சியில் தம்பியோடு கொஞ்ச நேரம் பறந்திருக்கிறார். அந்த ஆசை உள்ளுக்குள் கிடந்திருக்க வேண்டும். பிரித்தானிய விமானப்படையில் சேரக் குறைந்த வயது பதினேழரை. அந்த வயது வந்ததும் விண்ணப்பித்து 1938இல் பயிற்சிக்குப் போய்விட்டார்.

இனித்தான் எனக்குப் பிடித்த கட்டம். இவர் நல்ல மாணவர் இல்லை. குறிப்பாக, பிளேனை இறக்கத் தெரியாது. பயிற்றுநர்கள் கொடுத்த மதிப்பெண் சராசரியைத் தாண்டவில்லை. யுத்தம் தொடங்கி மாதங்கள் போன பிறகும் இவரைச் சண்டை அணி எதிலும் போடாமல் வேறு வேலைகளில் வைத்திருந்தார்கள். 1940 ஜூலையில், ஜேர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மேல் வரத் தொடங்கி, ஆள் தட்டுப்பாடு வந்த பிறகுதான் ஹோர்ன்சேர்ச் தளத்திலிருந்த 65ஆவது அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஓட்டினது ஸ்பிட்பயர் என்ற சண்டை விமானம். ஓகஸ்ட் 12இல் முதல் ஜேர்மன் விமானத்தை வீழ்த்தினார். வயது 19.

டிப்போ வேர்க்‌ஷொப்பில் என்னிடம் வேலை பழகின பெடியன்கள் நிறையப்பேர். வந்த கிழமையே கியர்பெட்டியைத் தனியாகக் கழற்றிக் காட்டினவனை நான் அவ்வளவாக நம்பினதில்லை. நட்டை இறுக்கிவிட்டு, திரும்பவும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிற மந்தக்காரனைத்தான் பிரேக் வேலைக்கு விடுவேன். ஃபினூகன் இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். ஒரு ஸ்பிட்பயரின் இறக்கைத் துப்பாக்கிகளில் உள்ள குண்டுகள் மொத்தமே கால் நிமிடம் சுடத்தான் காணும். இவர் கிட்டப் போய்ச் சிக்கனமாகச் சுடுகிறவர் என்று பெயரெடுத்தார்.

1941 ஏப்ரலில் 452ஆவது அணியில் ஒரு பிரிவுக்குத் தலைவர். பிரித்தானியாவின் சண்டை விமானப் பிரிவில் அமைக்கப்பட்ட முதல் அவுஸ்திரேலிய அணி அதுதான். டப்ளின்காரனும் அவுஸ்திரேலியர்களும் நன்றாகவே ஒத்துப்போனார்கள். இவருடைய ஸ்பிட்பயரில் பச்சை நிறத்தில் மூன்றிலைச் செடி ஒன்றை வரைந்துவிட்டார்கள். அயர்லாந்தின் அடையாளம் அது. இலண்டன் பத்திரிகைகளுக்கு இது போதாதா? வீட்டில் பிரெண்டன், பத்திரிகையில் "பெடி" (Paddy), அயர்லாந்துக்காரருக்கு ஆங்கிலேயர் வைக்கிற பட்டப்பெயர். 1942 ஜனவரியில் 602ஆவது அணி முழுவதற்கும் பொறுப்பு. ஜூன் இறுதியில் ஹோர்ன்சேர்ச் விங்கின் தலைவர். சண்டை விமானப் பிரிவில் அவ்வளவு இளம் விங் கொமாண்டர் வேறு யாரும் இல்லை.

உன் கேள்வியின் இரண்டாவது பாகம். ஒரு அணி வானத்துக்குப் போனால் வழக்கமாக 12 விமானம். அப்படி மூன்று நான்கு அணி சேர்ந்தால் ஒரு விங். அத்தனைக்கும் முன்னால் பறந்து வழிநடத்துவதுதான் இவர் வேலை. 21 வயதுப் பிள்ளையிடம் ஏன் அதைக் கொடுத்தார்கள் என்றால், திறமை ஒரு காரணம். மற்றக் காரணத்தைப் பாராட்டுக் கட்டுரைகள் எழுதுவதில்லை: மேலே இருந்தவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், அல்லது பிடிபட்டுக்கொண்டே இருந்தார்கள். கதிரை காலியாகும் வேகத்தில் பதவி உயர்வு வரும் காலம் அது.

*ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவருடைய தகப்பனார் ஆங்கிலேயருக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர் என்று வாசித்தேன். மகன் அதே ஆங்கிலேயரின் படையில். இதை என்னவென்று சொல்வீர்கள்?*

சேர், நீங்கள் வாசித்தது சரி. 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை, டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. பேக்கரி, தபால் தலைமையகம், நீதிமன்றம் என்று கட்டடங்களைக் கிளர்ச்சியாளர் பிடித்துக்கொண்டார்கள். போலண்ட்ஸ் பேக்கரியைப் பிடித்த குழுவுக்கு டி வலேரா தலைவர். அவருக்குக் கீழே நின்றவர்களில் ஒருவர்தான் ஃபினூகனின் தகப்பன். ஒரு கிழமைக்குள் கதை முடிந்தது. தலைவர்களில் 15 பேரைச் சுட்டார்கள், ஒருவரை இலண்டனில் தூக்கில் போட்டார்கள். டி வலேரா தப்பினார்.

அந்த டி வலேராதான் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அயர்லாந்தின் அரசாங்கத் தலைவர். நாடு எந்தப் பக்கமும் சேராது என்று உறுதியாக நின்றவர். அதாவது, தகப்பனின் பழைய தளபதி யுத்தத்தில் சேர மறுத்தார்; அந்தத் தகப்பனின் மூத்த மகன் யுத்தத்தின் நடுவில் பறந்தான்.

இதற்குத் துரோகம் என்று பெயர் வைக்க நான் தயாரில்லை. முதல் காரணம், பெடியன் சேர்ந்தது 1938இல், யுத்தத்துக்கு முந்தி. குடும்பம் அப்போது இருந்ததே இங்கிலாந்தில். பறக்க வேண்டும், கந்தோரிலிருந்து தப்ப வேண்டும், கையில் சம்பளம் வேண்டும். பதினேழு வயதில் இதைத் தாண்டி யாரும் பெரிதாக யோசிப்பதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, தகப்பன் தடுக்கவில்லை. அடுத்த மகனும் அதே விமானப்படைக்குத்தான் போனான், குண்டுவீச்சு விமானங்களுக்கு. ஆங்கிலேயனோடு சண்டை பிடித்த மனிதர் ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் செய்து, இங்கிலாந்தில் வீடு எடுத்து, பிள்ளைகளை வளர்த்தார். வீட்டுக்குள்ளேயே இரண்டு நாடும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. நாங்கள் வெளியில் நின்று எந்தப் பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது.

ஆனால் எல்லா அயர்லாந்துக்காரருக்கும் இது இவ்வளவு லேசாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தங்கள் சொந்த அயர்லாந்து இராணுவத்தை விட்டு ஓடிப்போய் ஹிட்லருக்கு எதிரான படைகளில் சேர்ந்தவர்கள் சுமார் 5,000 பேர். யுத்தம் முடிந்து திரும்பினவர்களுக்கு அரசாங்க வேலை இல்லை என்று பெயர்ப்பட்டியல் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். 2013இல்தான் சட்டம் கொண்டுவந்து மன்னித்தார்கள். அதற்குள் பெரும்பாலானவர்கள் இறந்துவிட்டார்கள். ஃபினூகன் அந்தப் பட்டியல்காரர் இல்லை. அவர் அயர்லாந்து இராணுவத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

*காத்தான்குடி, வாசகி: மாமா, பிளேன் பழுதானால் பரசூட்டில் குதிக்கலாம்தானே? இவர் ஏன் குதிக்கவில்லை?*

மகள், இதுதான் என் வேலைக்குரிய கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1942 ஜூலை 15. பிரான்சின் கரையில் எத்தாப்ல் என்ற இடத்தில் ஜேர்மன் இராணுவ முகாம். அதைத் தாக்க விங் கிளம்புகிறது. ராடாரில் படாமல் இருக்கக் கடலை ஒட்டித் தாழப் பறந்து போகிறார்கள். லு துக்கே கடற்கரையைத் தாண்டும்போது மணலில் இருந்த ஒரு இயந்திரத் துப்பாக்கி சுடுகிறது. பீரங்கி இல்லை, எதிரி விமானம் இல்லை. சாதாரண இயந்திரத் துப்பாக்கி. ஃபினூகனின் விமானத்தில் வலது இறக்கைப் பக்கம் படுகிறது. ரேடியேட்டர் போய்விட்டது.

ஸ்பிட்பயரின் எஞ்சின் றோல்ஸ் றொய்ஸ் மெர்லின். 12 சிலிண்டர், 27 லீற்றர், ஆயிரம் குதிரை வலுவுக்கும் மேல். காற்றில் ஆறுகிற எஞ்சின் இல்லை. கிளைகோல் கலந்த திரவம் ஓடி ஆறுகிற எஞ்சின். அந்தத் திரவத்தை ஆற்றும் ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில் தொங்கும், எண்ணெய் ஆற்றும் சின்னப் பெட்டி இடது இறக்கைக்கு அடியில். இவ்வளவு வலு உள்ள விமானத்துக்கு உயிர் நிலை, தகரம் மாதிரி மெல்லிய ஒரு பெட்டியில். மகா ஓயா தாண்டிப் பதுளை ஏற்றத்தில் ரேடியேட்டர் வெடித்த லொறியைப் பார்த்திருப்பாய்: வெள்ளை ஆவி சீறும், ஊசி சிவப்புக்குப் போகும், பிறகு எஞ்சின் இறுகிவிடும். லொறிக்காரன் ஓரமாக நிறுத்திக் கல் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடலாம். இவருக்கு ஓரம் இல்லை. சில நிமிடங்கள்தான் கையில் இருந்தன.

அந்த நிமிடங்களில் இரண்டு வழி. ஒன்று, பிரான்சில் இறங்கிப் பிடிபடுவது. மற்றது, வீட்டுப்பக்கம் திருப்புவது. திருப்பினார். பரசூட்டுக்கு உயரம் வேண்டும். விரிந்து பிடிக்கச் சில நூறு அடியாவது வேண்டும். தண்ணீரை ஒட்டிப் பறந்தவருக்கு அது இல்லை. ஏறலாம் என்றால் ஏறுவதற்கு நல்ல எஞ்சின் வேண்டும். மிஞ்சினது கடலில் இறக்குவது.

அதிலும் ஒரு வில்லங்கம். ஸ்பிட்பயர் காற்றில் அழகு, தண்ணீரில் சனியன். மூக்கில் பாரமான எஞ்சின், இறக்கைக்கு அடியில் தொங்கும் அந்த ரேடியேட்டர் பெட்டிகள் தண்ணீரை வாருகிற கரண்டி மாதிரி முதலில் பிடிக்கும், மூக்கு கீழே குத்தும், அவ்வளவுதான். விமானிகள் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் பறந்துவந்தவர் ஏக்மன் என்ற கனடாக்காரர். வெள்ளை ஆவியை முதலில் கண்டு சொன்னவரும் அவர்தான். ஃபினூகன் கண்ணாடி மூடியைப் பின்னால் தள்ளித் திறந்ததை அவர் பார்த்தார். பிரான்சின் கரையிலிருந்து சுமார் 8 மைல் தூரத்தில் வானொலியில் கடைசியாக, "இதுதான் நேரம், பெடியன்களே" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தது. விமானம் அலையைத் தொட்டது, மூக்குக் குத்தியது, போய்விட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு வட்டமிட்டவர்களுக்கு எண்ணெய்ப் படலம் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

*அக்கரைப்பற்று, வாசகர்: சண்டையில் ஒருபோதும் காயப்படாதவர் என்கிறார்களே, உண்மையா?*

இல்லை காக்கா. 1942 பெப்ரவரியில் ஜேர்மனியின் புதிய ஃபொக்க வுல்ஃப் விமானங்கள் இரண்டு இவரைப் பிடித்துக்கொண்டன. காலில் காயம். இரத்தம் ஒழுக ஒழுக இங்கிலாந்து வரை கொண்டுவந்து, ஒழுங்காக இறக்கி, எஞ்சினை நிறுத்தின பிறகுதான் மயங்கினார்.

அதற்கு முந்தின காயம் இன்னும் சுவையானது. 1941 கடைசியில் குரோய்டன் நகரத்தில், யுத்த இருட்டடிப்பு இரவில், சின்னச் சுவர் என்று நினைத்து ஒன்றைத் தாண்டிக் குதித்தார். இந்தப் பக்கம் சுவர் சின்னதுதான். அந்தப் பக்கம் கீழே ஆழமாகப் போகிறது. கணுக்கால் முறிந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் ஓய்வும். ஹிட்லரின் விமானப்படையால் அதுவரை செய்ய முடியாததை நகரசபைச் சுவர் செய்துவிட்டது. இருபத்தொரு வயது நிரம்பின உடனே நடந்த கூத்து இது. இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்தப் பெடியன் ஆளாகத் தெரிந்தான்; அதுவரை வெறும் படமும் பதக்கமும்தான்.

*திருக்கோவில், வாசகர்: ஓரிடத்தில் 32 விமானம் வீழ்த்தினார் என்றிருக்கிறது, இன்னோரிடத்தில் 28, வேறோரிடத்தில் 26. எதை நம்புவது?*

மூன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். வானத்தில் எல்லாம் நொடிகளில் நடக்கும். சுட்டேன், புகை வந்தது, கீழே சரிந்தது என்பது விமானி சொல்வது. அந்த விமானம் மேகத்துக்கு அடியில் நிமிர்ந்து வீடு போயிருக்கவும் கூடும். ஒரே விமானத்தை இரண்டு பேர் சுட்டு இரண்டு பேரும் எழுதுவார்கள். பாதிப் பாதி என்று பகிர்ந்ததும் உண்டு. அதைச் சேர்த்தால் ஒரு கணக்கு, விட்டால் ஒரு கணக்கு.

1940இல் சண்டை இங்கிலாந்தின் மேல் நடந்ததால் விழுந்த விமானத்தை வயலில் போய்ப் பார்க்கலாம். 1941இல் சண்டை பிரான்சின் மேல். அங்கே யார் போய் எண்ணுவது? அந்த வருடம் பிரித்தானிய விமானிகள் வீழ்த்தினோம் என்று சொன்ன தொகை, ஜேர்மனி உண்மையில் இழந்த தொகையைவிடப் பல மடங்கு அதிகம் என்று பிறகு ஜேர்மன் பதிவேடுகளைப் பார்த்தபோது தெரிந்தது. ஃபினூகனின் கணக்கில் பெரும் பங்கு அந்த 1941 கோடையில் சேர்ந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பயத்திலும் அவசரத்திலும் கண்ணுக்குப் பட்டதை எழுதினார்கள்.

32 என்ற எண்ணுக்கு இன்னொரு பின்னணி உண்டு. தென்னாபிரிக்காக்காரர் மலான் என்ற புகழ்பெற்ற விமானியின் எண்ணிக்கை அது. "பெடி எப்போது மலானை எட்டுவார்?" என்று பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போட்டுக்கொண்டிருந்தன. அவர் இறந்த பிறகும் அந்த எண்ணைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. எனக்கு அந்தப் பந்தயத்தில் கொஞ்சமும் ருசி இல்லை. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் இன்னொரு இருபது வயதுக்காரன் இருந்திருக்கிறான்.

*பாண்டிருப்பு, வாசகி: கல்யாணம் செய்திருந்தாரா? கல்லறை எங்கே இருக்கிறது?*

நிச்சயமாகியிருந்தது, மகள். ரிச்மண்டில் அதே அயலில் இருந்த பெண். கல்யாணம் நடக்கவில்லை.

உடல் கிடைக்கவில்லை, அதனால் கல்லறை இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இரங்கல் திருப்பலிக்கு 2,500 பேருக்கு மேல் வந்தார்கள். இங்கிலாந்தில் ரன்னிமீட் என்ற இடத்தில், தேம்ஸ் நதிக்கு மேலே ஒரு குன்றில், கல்லறை இல்லாத விமானப்படைக்காரர்களுக்கு 1953இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். 20,000க்கு மேற்பட்ட பெயர்கள் கல்லில் வெட்டியிருக்கின்றன. அதில் ஒன்று இவருடையது. உடலைக் காணாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு திவசம் கொடுப்பது எப்படி என்று எங்கள் கரையில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

*கல்லடி, வாசகர்: அந்த யுத்தத்துக்கும் எங்கள் மட்டக்களப்புக்கும் என்ன தொடர்பு? வெள்ளைக்காரன் கதையை எதற்கு இவ்வளவு நீளமாக?*

தம்பி, கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் கடலுக்குள்ளேயே அந்த யுத்தம் கிடக்கிறது.

1942 ஏப்ரல் 9. ஃபினூகன் தெற்கு இங்கிலாந்தில் 602ஆவது அணியை நடத்திக்கொண்டிருந்த நாட்கள். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து முந்தின இரவே பிரித்தானியாவின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கரையோரமாகத் தெற்கே வந்திருந்தது. ஆபத்துத் தாண்டிவிட்டது என்று திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு நேரே, ஜப்பானியரின் கண்ணில் பட்டது.

ஹெர்மிஸ் சாதாரணக் கப்பல் இல்லை. வேறு கப்பலை மாற்றிக் கட்டாமல், விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகத்தின் முதல் கப்பல். சேவைக்கு வந்தது 1924இல். உங்கள் பழைய லேடி மனிங் பாலம் திறந்த அதே வருடம். விதியைப் பாருங்கள்: விமானந்தாங்கிக் கப்பலில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. எல்லாவற்றையும் சீனக்குடாவில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மேலிருந்து குத்திக் குண்டு போடும் விமானங்கள் எண்பதுக்குக் கிட்ட வந்தன. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் போனது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அன்றே அழிந்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் இந்தக் கடலில்தான் கிடக்கிறது. சுழியோடிகள் போய் வருகிறார்கள். ஹெர்மிஸ் அதைவிட ஆழம், 50 மீற்றருக்கும் கீழே.

அன்று கிழக்கே மழை இல்லாமல் இடி இடித்தது என்று என் அம்மம்மா சொல்வா. யப்பான்காரன் கரையேறப்போகிறான் என்று கதை பரவி, கடற்கரைப் பக்கத்து எழுவான்கரைச் சனம் அரிசி மூட்டையும் பிள்ளையுமாகத் தோணியில் ஏறி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போனதாம். அரிசியை விட்டுவிட்டு உரலைத் தூக்கிக்கொண்டு ஓடின ஒரு பெரியம்மாவின் கதையும் உண்டு; அதை இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

*வெல்லாவெளி, வாசகி: மேலே சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடின ஆட்கள் நாங்கள். எங்களுக்கு ஒரு விமானியின் வீரக்கதை எதற்கு? எனக்கு வாசிக்கவே எரிச்சலாக இருந்தது.*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை ஆசிரியர் சுருக்கப் பார்த்தார், நான் விடவில்லை. நானும் அதே பங்கருக்குள் இருந்தவன்தான். ஹெலிச் சத்தமா, பொம்பரா, கிபிர் ஜெட்டா என்று காதாலேயே பிரிக்கப் பழகினது எஞ்சின் படிப்பால் வந்ததில்லை.

அதனால்தான் இந்தக் கதையில் என் கண் போகிற இடம் வேறு. லு துக்கே மணலில் இயந்திரத் துப்பாக்கியோடு இருந்தவன் இருக்கிறானே, அவனுக்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. "அதிர்ஷ்டச் சூடு" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பகல் நேரம், கடல் மட்டத்தில் பல பத்து விமானம் தன்னை நோக்கி வருகிறது. ஓடவில்லை, சுட்டான். ஏக்மன் உடனே திரும்பி அந்த இடத்தைச் சுட்டார். பிரான்சின் மேல் தாழப் பறந்து ரயில், லொறி, முகாம் என்று சுடுவது அந்த வருடங்களில் இந்த அணிகளின் அன்றாட வேலை. தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுத் தாய்க்கு, மேலே போகிற விமானத்தில் பச்சை இலை வரைந்திருந்தால் என்ன, ஜேர்மனியின் கறுப்புச் சிலுவை வரைந்திருந்தால் என்ன.

ஆனாலும் மேலே இருந்தவனும் 21 வயதுப் பிள்ளைதான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. பங்கருக்குள் இருந்தபோது மேலே இருப்பவனுக்கு முகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சத்தம் மட்டும்தான். இவரை வாசித்தபோது, கந்தோர் வேலை பிடிக்காமல் போனவன், இறக்கத் தெரியாமல் தடுமாறினவன், சுவரில் விழுந்தவன் என்று ஒரு முகம் வந்தது. அந்த முகம் வந்ததால் என் பழைய கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நீங்கள் எரிச்சலோடே வாசியுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

*ஏறாவூர், பழைய டிப்போக் கூட்டாளி: மச்சான், அந்த மெர்லின் எஞ்சினை நம்மட பஸ்ஸில பூட்டினா என்ன?*

சிரிக்கிறாய், ஆனால் கிட்டத்தட்ட அதைச் செய்தே விட்டார்கள். மெர்லினிலிருந்து காற்றமுக்கியைக் கழற்றி, வலுவைக் குறைத்து, மீட்டியோர் என்று பெயர் வைத்து டாங்கிகளில் பூட்டினார்கள். குரொம்வெல், பிறகு செஞ்சூரியன் டாங்கிகள் ஓடினது அதில்தான். ஆகவே தரையில் ஓடும், சந்தேகமில்லை.

ஆனால் நம்மட லேலண்ட் பஸ்ஸின் கியர்பெட்டி முதல் கிளச் விடும்போதே பல்லைக் கக்கிவிடும். சில்லும் அச்சும் பஸ்ஸை விட்டுவிட்டுத் தனியாகச் செங்கலடி போகும். அதையும் மாற்றினாய் என்று வை, பெற்றோலுக்கு எங்கே போவாய்? ஸ்பிட்பயருக்கு ஊற்றினது 100 ஒக்டேன். தாங்கியில் 85 கலன், சுமார் 386 லீற்றர். முழு வலுவில் ஓட்டினால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கினோமே, அந்த 4 லீற்றரை ஊற்றினால் மெர்லின் ஸ்டார்ட் ஆகும், சூடேறும், டிப்போ கேட்டைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். பிறகு நீயும் நானும்தான் தள்ள வேண்டும்.